மாப்பிள்ளை என்று அழைத்த காலை

குளிர்காலத்தில் படமெடுக்கப் போகிறவர்கள் கேமரா பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வைத்தால் குளிரில் சீக்கிரம் தீர்ந்துபோகும். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அவருக்கும் சொன்னேன். "என் உடம்பே நின்னுபோற மாதிரி இருக்கு, இது எங்க பேட்டரியக் காப்பாத்தப்போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் முதல் என்று படுகிறது, அவள் சிரித்த அந்தச் சத்தம். எங்கள் வீட்டில் யாரும் அப்படி வாய்விட்டுச் சிரிக்கிற வழக்கமில்லை.

நான் ஆற்று அளவீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நீர்மட்டமும் நீரோட்டமும் பார்த்துப் பதிவு செய்வது என் பொறுப்பு. ஆறு உறைந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். பனிக்கட்டி எங்கே கனமாக இருக்கிறது, எங்கே மெல்லியது என்று துளை போட்டுப் பார்த்து, மெல்லிய இடங்களைச் சுற்றி, நுனியில் சிவப்புச் சாயம் பூசிய கம்புகளை நட வேண்டும். கம்புக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஆறு வளைகிற இடத்தில், சலவை ஆலையின் வெந்நீர்க் குழாய் ஆற்றுக்கு அடியில் வந்து சேருகிறது. மேலே பார்த்தால் மற்ற இடத்தைப் போலத்தான் இருக்கும், வெள்ளையாக, சமமாக. அடியில் விரல் கனம்கூட இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஒரு நாய்கூட விழுந்ததில்லை. வேலை விஷயத்தில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

என் தங்கைக்கு நாற்பது முடிந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். அது அப்பா வைத்த செல்லப்பெயர். அப்பா போனார், அம்மா போனார், பெயர் நின்றுவிட்டது. நான் எங்கேயும் அப்படியே கூப்பிடுவதால் குழுவில் இருந்தவர்கள் அவளை 'பாப்பா மேடம்' என்பார்கள். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து தருகிற கூடத்தில் அவளுக்கு வேலை. பல்லுக்கு நிறம் சேர்ப்பது அவள் கைவேலை. நாம் சும்மா வெள்ளை என்று சொல்லிவிடுகிற ஒன்றில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். சாப்பிட்டுக்கொண்டே டி.வி. பார்ப்போம். யாராவது அதில் சிரித்தால், ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டுக்கே திரும்பி, "மேல் வரிசையில ரெண்டு பல்லு கட்டினது" என்பாள்.

நான் அவளைப் பார்த்துக்கொண்ட விதத்தை எங்கள் கட்டடத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். காலையில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான், மாலையில் கூட்டி வந்ததும் நான்தான். அவள் குடையைக்கூட நான்தான் தேர்ந்தெடுத்து வாங்கினேன். அவளுக்கு இருபத்தாறு வயதானபோது ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், குறை சொல்வதற்கில்லை. வீட்டுக்கு வந்து பேசிவிட்டு அவர்கள் இறங்கும்போது, மாடிப்படித் திருப்பத்தில் பையனின் அண்ணனை நிறுத்தினேன். அவளுக்கு எப்போதாவது வலிப்பு வரும், மறைத்துக் கட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் இவ்வளவு நேர்மையாக யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவளுக்கு வலிப்பு வந்ததில்லை. வந்திருந்தால் அந்த வீட்டில் யார் பார்த்திருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

பிறகு ஒரு தடவை, தலைநகரத்தில் பெரிய பொய்ப்பல் கூடம் ஒன்றிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிட்டு வீட்டுக்குப் போன் செய்தார்கள். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விருப்பமில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். யாரென்று கேட்டாள், தவறான எண் என்றேன். இரண்டுமே சின்ன விஷயங்கள். இரண்டுக்குப் பிறகும் கொஞ்ச நாள் வாடியிருந்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள். அவளுக்கு எதுவானாலும் சரியாகிவிடும் என்று நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையோரம் படமெடுத்தபடி நடப்பது நான் ஆரம்பித்து வைத்த பழக்கம். ஆள் அதிகம் இல்லை. ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர், எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர், வந்தும் வராமலும் இன்னும் சிலர். கரையில் நாணல் உறைந்து கண்ணாடிக் குச்சி மாதிரி நிற்கும். சூரியன் வரும்போது ஆற்றின் மேல் லேசாகப் புகை எழும். யாரும் பேச மாட்டார்கள். பாப்பா என் பின்னால் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவளுக்கென்று கேமரா இல்லை. அவள் கேட்டதும் இல்லை.

அவர் வந்து சேர்ந்தது இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. உயரமான மனிதர், கொஞ்சம் முன்னால் சாய்ந்து நடப்பார். வந்த முதல் வாரமே பாப்பாவிடம் அவளுடைய நிஜப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைச் சொல்லியே கூப்பிட்டார். ஆற்றங்கரையில் அந்தப் பெயரைக் கேட்டதும் யாரையோ அழைக்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் எதிரே வந்து நின்று, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். சட்டம் கோணியிருந்ததாம். விரலாலேயே வளைத்துச் சரி செய்தார். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதிரே நிற்பது மரமா மனிதனா என்று தெரியாது. வெள்ளையாக ஒரு மூட்டம், அதற்குள் பாப்பாவின் சிரிப்பு மட்டும் கேட்டது. கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டார். அவள் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முக்காலி பனியில் கிடந்தது.

நீங்கள் இதை எழுத வேண்டியதில்லை. இது ஒரு காரணம் அல்ல.

அதற்கு அடுத்த மாதம் தன்னுடைய பழைய கேமராவை அவளுக்குக் கொடுத்தார். அவள் ஆற்றை எடுக்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, பனிக்கட்டிக்குள் உறைந்த காற்றுக் குமிழிகளையும், நாணலில் சிக்கிய ஒரு இறகையும், ரயில்வே கார்டின் கிழிந்த கையுறையையும் எடுத்தாள். கார்டு அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இவங்களை முக்காலி தூக்க வச்சிருக்கீங்களே" என்று என்னிடம் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் படங்களைப் பார்த்து, குவியம் சரியில்லை, மங்கியிருக்கிறது என்றேன். உண்மையாகவே இரண்டு படத்தில் குவியம் சரியில்லை.

குளிர்காலம் பாதி போனபோது இருவரும் வீட்டுக்கு வந்து என்னிடம் பேசினார்கள். அவருடைய அம்மா இருக்கிற ஊர் ரயிலில் மூன்று மணி நேரம். அங்கே அவர் மாமாவின் கடையை எடுத்து நடத்தப் போகிறாராம். குளிர் விட்டதும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கே போய்விடுவதாக இருந்தார்கள். எல்லாம் முடிவு செய்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள், ஆனால் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர் என்னை அன்றுதான் முதல் தடவை மச்சான் என்றார்.

"நீங்களும் எங்களோட வந்துடுங்க மச்சான். வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. அங்கேயும் ஆறு இருக்கு."

பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். அவள் வீட்டில் ஒரு ஓரத்து அறையில் விருந்தாளியாக இருப்பதைப் பற்றியும், அவள் அவருக்குப் பரிமாறிவிட்டு எனக்குப் பரிமாறுவதைப் பற்றியும் யோசித்தேன். மனைவியை ஏற்கெனவே ஒரு தடவை பறிகொடுத்தவர் அவர். அவரால் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு என்ன உத்தரவாதம். அவளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவள் அந்த நாட்களில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

அடுத்த வாரம், அவரை மட்டும் தனியாக சனிக்கிழமை காலை ஆற்றுக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். ஆண்கள் இரண்டு பேரும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசட்டும் என்றேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கம்பளிக் கழுத்துத்துணியை எடுத்து, தையல் விட்டிருந்த ஓரத்தைத் தைத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, வேலை நேரத்திலேயே, ஆற்று வளைவுக்குப் போய்க் கம்புகளைப் பிடுங்கினேன். அசைத்து அசைத்து நேராக மேலே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றியிருக்கும் பனிக்கட்டி உடையும். கட்டாகக் கட்டி நாணலுக்குள் வைத்தேன். அன்று இருட்டும்வரை கரையிலேயே நின்றேன். வேறு யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது இல்லையா. பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் குறுக்கே போகப் பார்த்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினேன். நான் பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மறுநாள் காலை நல்ல வெளிச்சம். மூடுபனி தரையோடு படிந்திருந்தது, மேலே வானம் தெளிவாக இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வாய்க்கிற காலை அது. அவர் எங்கள் வாசலிலேயே காத்திருந்தார், பாப்பா கொடுத்த டீ பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு. பேசிக்கொண்டே நடந்தோம். பேசியது பெரும்பாலும் அவர்தான். அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா, புது ஊரில் வேலை கிடைக்காவிட்டால் வருத்தப்படுவாளா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வளைவுக்கு வந்ததும், நடு ஆற்றில் நின்று பாலத்தைப் பார்த்து எடுத்தால் சூரியன் சரியாகப் பாலத்து வளைவுக்குள் வரும் என்று காட்டினேன். அவர் கரையோரமே நின்று ஆற்றைப் பார்த்தார்.

"போன வாரம் இங்க கம்பு நட்டிருந்துச்சே மச்சான்."

"குளிர் இறுகிடுச்சு, எடுத்துட்டேன்" என்றேன். "தைரியமா போங்க மாப்பிள்ளை."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"மாப்பிள்ளைன்னு சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மாட்டினார், திரும்பக் கழற்றித் துடைத்தார். பிளாஸ்கைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு, "அவகிட்ட இத நான்தான் முதல்ல சொல்லுவேன், நீங்க சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். அதன் பிறகு அவர் கீழே பார்க்கவே இல்லை. இறங்கி நேராக நடந்தார். பாதி தூரத்தில் முதுகைக் காட்டியபடியே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். எதிரே சூரியன், இருபுறமும் மூடுபனி, நடுவில் அந்த ஒரு கை. நான் படமெடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. யாரோ பக்கத்து அறையில் ஒரு அலமாரியை மூடியது போல இருந்தது. அவர் இரண்டு முழங்கையையும் உடைந்த பனியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு பிடித்துக்கொண்டார். பலசாலி. என் அலுவலகப் பையில் மீட்புக் கயிறு எப்போதும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். குழுவுக்கே நான் அதை வீசிக் காட்டியிருக்கிறேன்.

"மச்சான், கயிறு" என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார், மேசைமேல் இருப்பதை எடுத்துக் கொடுக்கச் சொல்வது போல.

"இதோ எடுக்கறேன். கைய மட்டும் விட்டுடாதீங்க" என்றேன்.

பையைத் திறந்தேன். கயிறு மேலாகவே இருந்தது. அதைப் பார்த்தேன், பிறகு பையை மூடினேன். அவர் பயப்படக் கூடாது என்பதற்காகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஜிப் சிக்கிக்கொண்டது என்றேன். இதோ வந்துவிட்டது என்றேன். அவர் என்னை நம்பிக்கொண்டுதான் இருந்தார், கடைசிவரை. ஒரு மனிதனுக்கு அந்த நேரத்தில் அதைவிட என்ன ஆறுதல் கொடுக்க முடியும்.

பிறகு நாணலிலிருந்து கம்புகளை எடுத்துப் பழையபடி நட்டேன். முந்தின நாள் குழிகள் உறைந்துபோயிருந்ததால் பக்கத்திலேயே புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் உதவிக்குப் போன் செய்தேன். நல்ல படத்துக்காகக் கம்பைத் தாண்டிப் போய்விட்டார், நான் கூப்பிடக் கூப்பிடக் கேட்கவில்லை, கயிறு எட்டவில்லை என்று சொன்னேன். உங்கள் ஆட்கள் அப்போது என் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள். செய்தி கேட்டு வந்த ரயில்வே கார்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பாப்பா அழவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவர் கடைசியாக என்ன பேசினார் என்று. உன்னைப் பற்றித்தான் என்றேன். அது பொய் இல்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் சமைத்தேன். வலுக்கட்டாயமாக நான்கு வாய் சாப்பிட வைத்தேன். மாலையில் இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்வோம், டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், இருவரும் சிரிக்க மாட்டோம். வீடு பழையபடி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அவளும் சரியாகிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் அவளாகவே கேட்டாள், அன்றைக்கு நீ எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று. நான் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவளுக்கு அது ஒரு துணையாக இருக்கும் என்று நினைத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். அவ்வளவு நல்ல படத்தை யாருக்கும் காட்டாமல் எப்படி வைத்திருப்பது.

அவள் அதை மேசைக்கு எதிரே மாட்டினாள். சாப்பிடும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பாள். போன செவ்வாய்க்கிழமை, நான் தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது எழுந்து போய், படத்தின் கீழ்ப்பக்கத்தில் விரல் வைத்தாள்.

"அண்ணா, இதுல கம்பு எங்க?"

"காத்துல விழுந்திருக்கும்."

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. வட்ட வட்டமா இருக்கு பாரு. சுத்தி இருக்கிற பனி ஒரு வெள்ளை, இது வேற வெள்ளை. புதுசா உறைஞ்ச வெள்ளை." அவள் குரல் பல் கூடத்தில் வாடிக்கையாளரிடம் நிறம் சொல்வது போல இருந்தது. "காத்துல விழுந்தா இப்படி இருக்காது. யாரோ நேரா மேல தூக்கியிருக்காங்க. அவர் கம்பைத் தாண்டிப் போனார்னு நீதானே சொன்ன. எந்தக் கம்ப?"

சாப்பாடு ஆறுகிறது, வந்து உட்கார் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். குடையை எடுக்கவில்லை. வெளியே பனிமழை தூறிக்கொண்டிருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். அவள் உங்கள் ஸ்டேஷன் படியேறி உள்ளே போவதைப் பார்த்துவிட்டு வாசலில் காத்திருந்தேன். உங்கள் காவலர் என்னை வந்து பிடிக்கவில்லை. நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன், அவளைக் கூட்டிப் போவதற்காக.

ஆம், நான்தான் செய்தேன். கம்புகளைப் பிடுங்கியது நான், போகச் சொன்னது நான், கயிற்றைக் கொடுக்காமல் இருந்தது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் வீட்டைப் பூட்டிவிட்டு அவருடைய அம்மா இருக்கிற ஊருக்குப் போய்விட்டாள் என்றும், என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றும் சொல்கிறீர்கள். அந்த அம்மாவுக்குத் துணையாக அங்கேயே இருக்கப் போகிறாளாம். இருக்கட்டும். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். மனசு கேட்காமல் சங்கடப்பட்டுக்கொண்டிருப்பாள், சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று. அவளிடம் நீங்கள் பேசினால், எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.